இணையக் குழுமங்களில் நீண்டகால நிருவாகிகளும் விலகிப் போகும் புதியவர்களும்: வழி என்ன?

வாவிக்கரை, களுவாஞ்சிக்குடி

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் பேச்சுவழக்குச் சொற்களைத் தொகுக்கும் ஒரு தன்னார்வ இணையக் குழுமத்தில் நான்கு ஆண்டுகளாகப் பங்களித்து வருகிறேன். அதன் தொகுப்பு விக்கி முறையில் இயங்குகிறது. எவரும் ஒரு சொல்லைச் சேர்க்கலாம், எவரும் திருத்தலாம்; ஆனால் பதிவுகளை நீக்குவதும் பக்கங்களைப் பூட்டுவதும் உறுப்பினர்களைத் தடைசெய்வதும் மூன்று நிருவாகிகளின் கையில் மட்டுமே இருக்கின்றன. அந்த மூவரும் குழுமத்தைத் தொடங்கியவர்கள். தளத்துக்குரிய ஆண்டுக் கட்டணத்தைச் சொந்தப் பணத்திலிருந்து கட்டியவர்கள். படுவான்கரை ஊர்களுக்கு மோட்டார் சைக்கிளில் சென்று முதியவர்களின் பேச்சைப் பதிவுசெய்து வந்து இரவிரவாகத் தட்டச்சுச் செய்தவர்கள். அவர்களுடைய உழைப்பைக் குறைத்துப் பேசும் எண்ணம் எனக்கு அறவே இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடந்த மாதம் என் அக்காவின் மகள், பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிப்பவள், என் வற்புறுத்தலால் இதில் இணைந்தாள். மண்டூரில் இருக்கும் அம்மம்மாவுடன் மூன்று வார இறுதிகள் அமர்ந்து, கைபேசியில் ஒலிப்பதிவு செய்து, 40 சொற்களைப் பொருளும் எடுத்துக்காட்டு வாக்கியமும் சேர்த்துப் பதிவேற்றினாள். அன்று இரவே அவற்றில் 31 சொற்கள் நீக்கப்பட்டிருந்தன. காரணம் எழுத வேண்டிய இடத்தில் 'தரமற்றவை' என்ற ஒரே சொல் இருந்தது. நீக்கப்பட்டவற்றுள் 'மறுகா' என்பதும் ஒன்று. 'பிறகு' என்ற பொருளில் எங்கள் பக்கத்தில் ஒரு நாளைக்கு எத்தனையோ முறை வாயில் வரும் சொல் அது. அவள் மிகுந்த மரியாதையோடு விளக்கம் கேட்டபோது, "முதலில் விதிகளை வாசித்துவிட்டு வாருங்கள்" என்று பதில் வந்தது. அந்த விதிகள் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. எனக்கே அவை தெரியாது. யாருக்கு எது பிடிக்கும் என்பதை அனுபவத்தில் அறிந்து அதற்கேற்ப நடந்து வந்திருக்கிறேன் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

அவள் அதன்பின் உள்ளே வரவில்லை. திரும்பிப் பார்க்கும்போது, கடந்த இரண்டு ஆண்டுகளில் சேர்ந்த இளையவர்களுள் ஒருவர்கூட இப்போது எழுதுவதில்லை. இது எங்கள் நிருவாகிகள் மூவரின் குணத்தால் வந்த சிக்கலா, அல்லது தம்மைத் தாமே நிருவகிக்கும் எல்லாக் குழுமங்களிலும் காலப்போக்கில் நேர்வதா? மூத்தவர்களை அவமதிக்காமல் இதைச் சரிசெய்ய வழி உண்டா? அனுபவமுள்ளவர்கள் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஆலமரத்தடி வாசகன், வந்தாறுமூலை

வணக்கம் அக்கா. உங்கள் முதற் கேள்விக்கு ஓரளவு உறுதியான பதில் உண்டு. இது உங்கள் நிருவாகிகள் மூவரின் குணத்தோடு மட்டும் தொடர்புடையதன்று.

ரொபர்ட் மிஷெல்ஸ் என்ற சமூகவியலாளர் 1911இல் ஜேர்மனியின் சமூக சனநாயகக் கட்சியை ஆராய்ந்து, சனநாயகத்துக்காகவே தோன்றிய அமைப்புகள்கூட வளர வளர ஒரு சிறு குழுவின் கைக்குள் போய்விடுகின்றன என்று எழுதினார். 'சிறுகுழு ஆட்சியின் இரும்பு விதி' என்று அதனைச் சொல்வார்கள். இணையம் அந்த விதியை உடைத்துவிடும், ஏனெனில் எவரும் எங்கிருந்தும் பங்கேற்கலாம் என்று பலர் நம்பினார்கள். ஆரன் ஷோ, பெஞ்சமின் மாக்கோ ஹில் ஆகிய இரு ஆய்வாளர்கள் 683 விக்கித் தளங்களின் முழு வரலாற்றையும் எடுத்துப் பார்த்து 2014இல் வெளியிட்ட முடிவு அந்த நம்பிக்கைக்கு எதிரானது. தளம் பெரிதாகப் பெரிதாகப் புதிய நிருவாகிகள் சேர்க்கப்படும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகிறது. ஏற்கெனவே இருக்கும் நிருவாகிகள் மற்றவர்களின் திருத்தங்களை மீளமைப்பது, அதாவது நீக்கிப் பழையபடி ஆக்குவது, கூடுகிறது. இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது, அவ்வாறு மீளமைக்கப்படுவோருள் புதியவர்கள் மட்டுமல்லாமல் நிருவாகிப் பதவி இல்லாத அனுபவசாலிகளும் இருந்தார்கள் என்பதுதான். நான்கு ஆண்டுகளாக நீங்கள் மற்றவர்களின் விருப்பத்தை அறிந்து நடந்துகொண்டதாக எழுதியிருப்பதை வாசித்தபோது எனக்கு இந்த முடிவே நினைவுக்கு வந்தது.

ஆங்கில விக்கிப்பீடியாவின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். அங்கே தொடர்ந்து எழுதுவோரின் எண்ணிக்கை 2007இல் உச்சத்தைத் தொட்டுப் பின்னர் இறங்கியது. வருபவர்களின் தரம் குறைந்துவிட்டது என்றே அப்போது பலரும் காரணம் சொன்னார்கள். ஆனால் 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நல்லெண்ணத்துடன் வருவோரின் விகிதம் ஏறக்குறைய மாறவே இல்லை என்றும், அவர்களுடைய முதல் பங்களிப்பு நிராகரிக்கப்படுவதே அதிகரித்தது என்றும் காட்டியது. விசமத்தனமான திருத்தங்களை ஒரு சொடுக்கில் அழிப்பதற்கென உருவாக்கப்பட்ட கருவிகள், தெரியாமல் தவறு செய்தவர்களையும் அதே சொடுக்கில் வெளியேற்றின. எழுதப்பட்ட விதிகளும் காலப்போக்கில் இறுகி, அவற்றில் மாற்றம் கேட்கும் புதியவர்களின் குரல் எடுபடுவது அரிதாகியது. நிருவாகிகளின் தெரிவையே பாருங்கள்: 2007இல் 400க்கும் மேற்பட்டோர் புதிதாக நிருவாகிகளாகியிருந்தார்கள், 2021இல் அந்தத் தொகை 10க்கும் கீழே போய்விட்டது. அடுத்து 2018இல் 740 விக்கித் தளங்களை வைத்துச் செய்த ஆய்விலும் எழுதுவோரின் எண்ணிக்கையில் இதே ஏற்ற இறக்கமே தென்பட்டது.

மறுபுறத்தில், மாற்ற முடிந்த இடங்களும் உண்டு. 2012இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் புதியவர்கள் கூச்சமின்றிக் கேள்வி கேட்பதற்கென்றே ஒரு பக்கத்தைத் திறந்து, அனுபவமுள்ளவர்கள் பொறுமையாகப் பதில் சொல்லும் ஏற்பாட்டைச் செய்தார்கள். அந்தப் பக்கத்துக்கு அழைப்புப் பெற்ற புதியவர்கள், பெறாதவர்களைவிட அதிகமாக நிலைத்தார்கள் என்று பின்னர் ஆய்ந்து கண்டார்கள். 2003இல் தொடங்கிய நம் தமிழ் விக்கிப்பீடியாவில் பொது உரையாடலுக்கான பக்கத்துக்கு 'ஆலமரத்தடி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் முதன்முதலாக எழுதிய கட்டுரை பிழைகள் நிறைந்தது. அதைத் திருத்திய ஒருவர் எந்தப் பிழையை ஏன் திருத்தினார் என்று என் பேச்சுப் பக்கத்தில் நான்கு வரி எழுதினார். அந்த நான்கு வரிகளால்தான் நான் இன்றுவரை எழுதுகிறேன்.

முன்னாள் நிருவாகி, மட்டக்களப்பு நகர்

தங்கச்சிக்கு வணக்கம். மறுபக்கத்தில் இருந்தவன் என்ற முறையில் சில விடயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊர்ச் செய்திகளையும் உதவிக் கோரிக்கைகளையும் பகிரும் ஒரு பெரிய குழுமத்தை நான் 9 ஆண்டுகள் நிருவகித்தேன்.

வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு நிருவாகி என்பவர் அதிகாரத்தை வைத்துக்கொண்டு இருப்பவராகத் தெரிவார். உள்ளே அது முடிவில்லாத வேலை. காலையில் எழுந்தால் விளம்பரக் குப்பைகளை அகற்ற வேண்டும். ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டவர்களைச் சமாதானம் செய்ய வேண்டும். ஒரு தவறான செய்தி போய்விட்டால் ஊரே நம்மிடம்தான் கேட்கும். 2019 ஏப்ரல் 21இல் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த நாளையும் அதன்பின் வந்த வாரங்களையும் எங்கள் நகரில் எவரும் மறக்க முடியாது. வதந்திகள் நிமிடத்துக்கு ஒன்றாக வந்தன. ஒரு பொய்யான குரற்பதிவு எந்தத் தெருவில் எதை மூட்டிவிடும் என்று தெரியாத நிலையில், நிருவாகிகள் அனுமதித்த பின்னரே எந்தப் பதிவும் வெளியாகும் என்று ஓர் இரவில் முடிவெடுத்தோம். அந்த முடிவு சரியானது என்று இன்றும் நம்புகிறேன்.

தவறு அதற்குப் பிறகுதான் நடந்தது. நிலைமை தணிந்த பின்னரும் அந்தப் பூட்டை நாங்கள் திறக்கவில்லை. திறப்பதைப் பற்றி எவரும் பேசவும் இல்லை, ஏனெனில் பூட்டு இருந்தபோது எங்களுக்கு வேலை குறைவாக இருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு பெண்பிள்ளை, தான் அனுப்பிய இரத்ததானக் கோரிக்கை 19 மணித்தியாலம் அனுமதிக்குக் காத்திருந்ததாக எனக்கு எழுதினார். நான் அன்று ஒரு மரணவீட்டில் இருந்தேன், மற்ற இருவரும் வெளிநாட்டில் இருந்தார்கள். ஆபத்துக் காலத்துக்கென்று எடுத்த அதிகாரத்தை நாங்கள் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல் நிரந்தரமாக்கியிருந்தோம். என் பொது வாழ்க்கையில் நான் மிகவும் வருந்தும் செயல் அது.

உங்கள் நிருவாகிகள் மூவரும் எப்படிப்பட்டவர்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் களைத்துப் போனவர் ஒற்றைச் சொல்லில் பதில் எழுதுவார் என்பது எனக்குத் தெரியும். பத்து ஆண்டுகள் ஒரே கேள்விக்குப் பதில் சொன்னவருக்கு அது பழைய கேள்வி. கேட்கும் பிள்ளைக்கோ அது வாழ்க்கையில் முதல் தடவை.

கருவிகளும் நம்மை இதே பக்கம் தள்ளுகின்றன என்பதைக் கவனியுங்கள். வட்ஸ்அப்பில் குழுவை உருவாக்கியவரை மற்ற நிருவாகிகள் வெளியேற்ற முடியாது. 2018 முதல் அதுவே முறை. ரெடிட் என்ற கலந்துரையாடல் தளத்தில் மட்டுறுத்துநர்களின் பட்டியல் சேர்ந்த வரிசைப்படி அமைகிறது, மேலே இருப்பவர் கீழே இருப்பவரை நீக்கலாம், கீழே இருப்பவரால் மேலே இருப்பவரை நீக்க இயலாது. நேதன் ஷ்னைடர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதனை 'மறைமுக நிலப்பிரபுத்துவம்' என்கிறார். பெருநிலக்காரர்களான போடியார்மாரின் காலத்தைக் கண்ட நம் பகுதியினருக்கு அந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. பதவிக்காலத்தை மென்பொருள் தானாக முடித்து வைக்காது. மனிதர்கள்தாம் எழுதி வைக்க வேண்டும். நான் விலகியபோது கடவுச்சொற்களை ஒப்படைக்க ஒரு நாள் போதுமாக இருந்தது, எந்தப் பதிவை எதற்காக மறுத்தோம் என்ற நினைவுகளை எழுத்தில் ஒப்படைக்க நான்கு மாதங்கள் எடுத்தன.

நாவிதன்வெளி விவசாயி

இணைய விடயங்களில் எனக்கு ஆழ்ந்த அறிவு இல்லை. மகனின் உதவியுடன் எழுதுகிறேன். எனினும் இந்தச் சிக்கல் வயலில் எங்களுக்குப் பழக்கமானது.

ஒவ்வொரு போகத்தின் முன்னும் ஆரம்பக் கூட்டம் நடக்கும். வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் நாள், விதைப்பை முடிக்க வேண்டிய இறுதி நாள், மாடுகளை வட்டையிலிருந்து, அதாவது வயல்வெளியிலிருந்து, அப்புறப்படுத்த வேண்டிய நாள் எல்லாம் அங்கே எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்பட்டுத் தீர்மானமாகும். நாற்பது ஆண்டுகள் வேளாண்மை செய்தவருக்கும் இந்தப் போகத்தில்தான் குத்தகைக்கு வயல் எடுத்த இளைஞனுக்கும் அந்தத் திகதிகள் ஒன்றாகவே தெரியும். இளைஞன் பிந்தி விதைத்தால் வயல்வெளியை மேற்பார்க்கும் வட்டை விதானையார் கண்டிப்பார், கண்டிக்கவும் வேண்டும். ஆனால் எந்தத் தீர்மானத்தை மீறினான் என்று காட்டிக் கண்டிப்பார். எழுதப்படாத விதியை வாசித்துவிட்டு வா என்று சொல்ல அவரால் இயலாது. உங்கள் பிள்ளையின் கதையில் எனக்கு மிகவும் வலித்தது அந்த இடம்தான்.

கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையில் 1980களின் தொடக்கத்தில் நடந்ததையும் சொல்ல விரும்புகிறேன். அணைக்கட்டுக்கு அருகில் இருந்த சிங்கள விவசாயிகளுக்குத் தண்ணீர் கிடைத்தது, வாய்க்காலின் கடைக்கோடியில் இருந்த தமிழ் விவசாயிகளுக்கு அது வந்து சேரவில்லை. கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் கோர்னல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, வேலையற்ற பட்டதாரிகளை ஒழுங்கமைப்பாளர்களாக ஊர்களுக்கு அனுப்பின. அவர்கள் பெரிய சங்கம் ஒன்றை மேலிருந்து கட்டவில்லை. ஒரே வயல் வாய்க்காலில் நீர் பாய்ச்சும் சிறு கூட்டத்தாரை முதலில் சேர்ந்து வேலை செய்ய வைத்து, அந்த வேலையில் எவர் நம்பத் தகுந்தவர் என்று எல்லோரும் கண்ட பின்னரே பிரதிநிதியை ஒருமனதாகத் தெரிவுசெய்ய விட்டார்கள். மேல்மடையில் இருந்தவர்கள் கடைமடைக்காகத் தண்ணீரை மிச்சப்படுத்திய போகங்கள் அதன்பின் வந்தன. பொதுவளங்களை மக்கள் தாமே ஆள்வதைப் பற்றி ஆராய்ந்து 2009இல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரோமும் நீர்ப்பாசனக் குழுக்களையும் பார்த்து இதை ஒத்த முடிவுகளுக்கு வந்தவர் என்று மகன் சொல்கிறார். விதியால் பாதிக்கப்படுகிறவருக்கு அதை மாற்றுவதில் பங்கு இருக்க வேண்டும், தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாகவே கூட வேண்டும் என்பன அவருடைய கருத்துகள். முதல் நாளிலேயே 31 சொற்களை அழித்தது எந்தப் படியில் வரும்?

புதியவரைக் கடைமடைக்காரர் என்று நினைத்துப் பாருங்கள், அம்மா. மேலே இருப்பவர் கதவைச் சற்றே மூடினாலும் அவருக்குச் சொட்டும் வராது.

சம்மாந்துறை வாசகி

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நானும் இதுபோன்ற ஒரு தொகுப்பிலிருந்து விலகியவள். எங்கள் வீட்டில் பேசும் 'வாப்பா', 'உம்மா', 'ராத்தா' முதலிய சொற்களை நான் சேர்த்தபோது அவற்றை எவரும் அழிக்கவில்லை. 'பிற' என்ற ஒரு பக்கத்துக்கு நகர்த்தினார்கள். அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர்களில் இத்தனை ஆயிரம் பேர் காலையில் எழுந்ததும் சொல்லும் முதற் சொல் எப்படிப் 'பிற' ஆகும் என்று கேட்டேன். தொடக்கத்தில் அப்படித்தான் பிரித்தோம் என்றார்கள். தொடக்கத்தில் அங்கே இருந்தவர்கள் எல்லோரும் ஒரே பக்கத்து ஊர்களைச் சேர்ந்தவர்கள். ஆகவே நிருவாகிகள் மாறாமல் இருப்பதன் இழப்பைச் சில உறுப்பினர்களின் மனத்தாங்கலாக மட்டும் பார்க்க வேண்டாம். எதைக் கிழக்கின் தமிழ் என்று எண்ணுகிறோம் என்பதையே அது முடிவுசெய்துவிடுகிறது.

மேலே எழுதியவர்களுடன் ஓரிடத்தில் மாறுபடுகிறேன். தேர்தலும் பதவிக்காலமும் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. குரோவாசிய மொழி விக்கிப்பீடியாவில் தேர்தலும் இருந்தது, விதிகளும் இருந்தன. ஆயினும் ஒரே கருத்துடைய ஒரு சிறு நிருவாகிக் குழு பல ஆண்டுகள் அதைத் தன் பிடியில் வைத்துக்கொண்டு, மாற்றுக் கருத்துச் சொன்னவர்களைத் தடைசெய்து, வரலாற்றையே தன் பக்கம் சாய்த்து எழுதியது. அந்நாட்டின் கல்வி அமைச்சரே 2013இல் மாணவர்கள் அதை நம்பிப் படிக்க வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தது. விக்கிமீடியா நிறுவனம் அங்கு நடந்ததை ஆராய்ந்து 2021இல் அறிக்கை வெளியிட்டது. வாக்களிக்க எஞ்சியிருப்பவர்கள் அந்தக் குழுவுக்கு உடன்பட்டவர்களாக மட்டும் இருந்தால் வாக்கெடுப்பு எதை மாற்றும்?

எனவே தெரிவுசெய்யும் வழியைவிட விலக்கும் வழியை முதலில் யோசியுங்கள். ஜேர்மன் மொழி விக்கிப்பீடியாவில் 2009 முதல், ஒரு மாதத்துக்குள் 25 பேரோ ஆறு மாதங்களுக்குள் 50 பேரோ கேட்டால் நிருவாகி மீண்டும் வாக்கெடுப்பைச் சந்திக்க வேண்டும். ஆங்கில விக்கிப்பீடியாவும் 2024இல் இதை ஒத்த முறையை ஏற்றது. டெபியன் என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தில் தலைவரின் பதவிக்காலம் ஒரே ஆண்டு. பைத்தன் என்ற கணினி நிரல் மொழியை உருவாக்கிய குய்டோ வான் ரொசம் 2018இல் தலைமையிலிருந்து தாமாகவே விலகினார். உறுப்பினர்கள் தெரிவுசெய்யும் ஐவர் குழுவொன்று அந்தப் பொறுப்பை ஏற்றது. அவர் அந்த மொழியை விட்டுப் போய்விடவில்லை, மரியாதையும் குறையவில்லை.

முன்னாள் நிருவாகி, மட்டக்களப்பு நகர்

சகோதரி சொல்வதை ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். உங்கள் நிருவாகிகள் மூவரிடம் போகும்போது பதவி விலகுங்கள் என்று தொடங்காதீர்கள். நீக்கும் ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு வரிக் காரணம் எழுதுவதையும், நீக்கியதை இன்னொரு நிருவாகி மறுபடி பார்ப்பதையும் முதலில் கேளுங்கள். காரணம் எழுத உட்காரும்போதே பாதிப் பதிவுகளை நீக்கத் தேவையில்லை என்பது எனக்கே தெரியவந்தது.

வாவிக்கரை, களுவாஞ்சிக்குடி

எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை மூவரில் மூத்தவருடைய வீட்டுக்குச் சென்று இரண்டு மணித்தியாலங்கள் பேசினேன். ஆரம்பக் கூட்டத்தைப் பற்றி ஐயா எழுதியதை வாசித்துக் காட்டினேன். அவர் நீண்ட நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்னர், 'மறுகா' போன்ற சொற்களை நீக்கியதற்குக் காரணம், முன்னொரு காலத்தில் அகராதியில் இல்லாத சொற்களைச் சேர்த்ததற்காக வெளியாட்கள் தம்மை ஏளனம் செய்ததுதான் என்றார். அப்படியொரு காயம் அவருக்கு இருப்பதை நான்கு ஆண்டுகளில் நான் கேட்டறிந்ததே இல்லை.

அவர் இணங்கியவை இரண்டு. நீக்கத்துக்குக் காரணம் எழுதப்படும். இதுவரை அவர்கள் மனத்தில் வைத்திருந்த விதிகளை நான் கேட்டு எழுதி, உறுப்பினர்கள் எல்லோரும் திருத்தக்கூடிய பக்கமாக வெளியிடுவேன். சம்மாந்துறைச் சகோதரி எழுதியதைப் பார்த்தபின் எங்களிடமும் ஒரு 'பிற' பக்கம் இருப்பதை அவரிடம் சொன்னேன். அதைக் கலைப்பதை விதிப் பக்கத்தின் முதல் உரையாடலாக வைக்கிறோம். பக்கங்களைப் பூட்டும் உரிமையைப் பகிரவோ பதவிக்காலம் வைக்கவோ அவர் இன்னும் உடன்படவில்லை. மற்ற இருவருடனும் பேச வேண்டும் என்கிறார். அதை நான் விடப்போவதில்லை.

அக்காவின் மகளை ஒலிப்பதிவுகளுடன் அழைத்து வருமாறு அவரே கேட்டார். 'மறுகா' நேற்று இரவு மீண்டும் தொகுப்பில் சேர்ந்துவிட்டது. மீதி 30 சொற்களையும் வரும் சனிக்கிழமை மண்டூரில், அம்மம்மாவின் முன்னிலையில், ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்கவிருக்கிறோம்.